எந்தக் குபாண்டா?

எங்கள் ஊர் வர்பிங்காவுக்குப் புதிதாக வரும் தபால்காரர் எவரும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி இங்கே நிலைத்ததில்லை. குளிர் அதற்குக் காரணமில்லை. ஊரில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் குபாண்டா. மீதிப் பேர் குபாண்டா வீட்டில் பெண் எடுத்தவர்கள். போதாததற்கு ஆண்பிள்ளை பிறந்தால் யான், யோசெஃப், ஸ்தெஃபான் என்று பெரும்பாலும் மூன்றே பெயர்களைத் திருப்பித் திருப்பி வைப்போம். கற்பனைக்கு வரி கிடையாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே இங்கே யாரையும் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாம் வீட்டுப் பெயர்தான். கோணக்கால் வீடு, குயில் வீடு, பாப்பரசர் வீடு. பாப்பரசர் வீட்டுக் கொள்ளுத்தாத்தா ரோமாபுரிக்கு யாத்திரை கிளம்பி, வியன்னாவில் ஒரு மதுக்கடையில் தரிசனம் முடித்துத் திரும்பியவர். எங்கள் மேயர் டாரினா அந்த வீட்டுப் பெண். "பாப்பரசர் ஆபீஸ்ல இருக்காங்களா?" என்று இங்கே யாராவது கேட்டால் யாரும் சிரிப்பதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. வீடு கைமாறினால் சாவியோடு பெயரும் கைமாறும். தலைநகர் பிராத்திஸ்லாவாவிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி குடிகாரன் வீட்டை வாங்கினார்கள். பச்சைத் தேநீர் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவர்கள்; காலையில் புல்தரையில் தலைகீழாக நிற்பவர்கள். கோடை முடிவதற்குள் அவன் குடிகாரன், அவள் குடிகாரி. பிள்ளை பிறந்தது, சின்னக் குடிகாரன்.

நான் வெந்தெலீன் குபாண்டா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ஊருக்கு நான் ரோஸ்னர். என் அப்பா ரோஸ்னர். தாத்தா சிரிலும் ரோஸ்னர். தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் பெரிய வீடு எங்களுடையது. முன்னறை ஒரு காலத்தில் கடையாக இருந்ததால் தெருவைப் பார்த்து அகலமான ஜன்னல்கள். எங்களுக்கு முன் அது ஒரு யூதருடைய வீடு என்று எனக்குத் தெரியுமா? தெரியும். அதற்கு மேல் ஒரு சொட்டும் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். "வாங்கினது" என்பார் அப்பா. யாரிடம் என்று கேட்டால், சூப் ஆறுகிறது என்பார். எங்கள் வீட்டு சூப் போல அவ்வளவு சீக்கிரம் ஆறிப்போகும் சூப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அக்டோபரில் ஒரு நாள் காலை, முற்றத்தில் நின்று, பீப்பாயில் புளித்துக்கொண்டிருந்த பிளம் பழக் கூழைக் கையை முழங்கை வரை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தேன். அன்று மாலை ஊர்ச் சாராயக் கூடத்தில் காய்ச்ச என் முறை. மனைவி ஹெத்விகா வீட்டில் இல்லை. இரண்டு வாரம் ஆஸ்திரியாவில் ஒரு பெரியவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவாள். இரண்டு வாரம் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டுவாள். அந்தப் பெரியவருக்குத்தான் நல்ல பாதி கிடைத்திருக்கிறது.

அப்போது கம்பத்து ஒலிபெருக்கியில் அக்கார்டியன் பாட்டு எழுந்து பாதியில் நின்றது. டாரினாவின் குரல்.

"கவனிங்க, கவனிங்க! முட்டைக்கோழி விக்கிற வண்டி கடை முன்னாடி வந்து நிக்குது. அடுத்து, ரோஸ்னர் மாமா எங்க இருந்தாலும் உடனே ஆபீசுக்கு வரணும். உங்க சொந்தக்காரங்க உருகுவேலேருந்து வந்திருக்காங்க. திரும்பச் சொல்றேன், உருகுவே. மாமா, கையைக் கழுவிட்டு வாங்க."

பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் கோணக்கால் இம்ரோவின் தலை முளைத்தது.

"டேய் ரோஸ்னர், உனக்கு உருகுவேல சொந்தமா? பக்கத்து ஊர்ல இருக்கற உன் தம்பியே உன்னோட பேசறதில்லையேடா!"

"அவங்க ஃபுட்பால் டீமுக்கு ஒரு ஆள் குறையுதாம்."

"சொத்து ஏதாவது வந்தா முதல்ல என் ஏணியைத் திருப்பிக் குடு."

ஆபீசில் டாரினா கையில் ரொட்டியும் உப்பும் வைத்த தட்டோடு, அமைச்சர் வந்தால் நிற்பது போல நின்றாள். அவளருகில் மழைக்கோட்டு அணிந்த ஒரு சிறிய பெண்மணி. என் வயதுதான் இருக்கும். கத்தரித்த வெள்ளை முடி. என்னைக் கண்டதும் வந்து, என் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கழுவியும் போகாத பிளம் கறையோடு நான் கைகளைத் தொங்கவிட்டு நின்றேன்.

"நீதானா?" என்றாள். "ஆர்மின் மாமாவோட பையனா நீ? சொல்லுடா."

எங்கள் பேச்சுதான். ஆனால் இன்று நாங்கள் பேசுகிற பேச்சில்லை. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பவர்கள் பேசிய பேச்சு. அவள் வாயில் அது பிசிறில்லாமல் வந்தது.

டாரினா பூரித்துப்போய் விளக்கினாள். "கோடைல போன் பண்ணாங்க மாமா. ஊர்ல ரோஸ்னர்னு யாராவது உயிரோட இருக்காங்களான்னு கேட்டாங்க. ஏன் இல்லாம, கல்லு மாதிரி இருக்கார்னு சொன்னேன். எந்த வீடுன்னாங்க. தேவாலயத்துக்கு எதிர் வீடு, தாத்தா காலத்துலேருந்து அதே வீடுன்னு சொன்னேன். போன்லயே அழுதுட்டாங்க!"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ரோஸ்னர் என்பது ஒரு காலத்தில் மனிதர்களுடைய பெயராக இருந்தது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுக்கு அது கோணக்கால் மாதிரி, குயில் மாதிரி. அவளைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் ஏற்றிப்போன வருடங்களில் நான் தினம் ஒரு ஜோக் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

வந்தவளின் பெயர் எஸ்தேலா. அம்மா கிசெலா இந்த ஊரில் பிறந்த ரோஸ்னர். தொண்ணூறு தாண்டி, மோண்டெவிடியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தன் பிறந்த ஊரைப் பற்றி மகளிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வீட்ல எல்லாரையும் விட ஆர்மின் வேகமா ஓடுவான். அதைத்தான் எப்பவும் சொல்வாங்க. ஆர்மின் அவங்க தம்பி. சின்னப் பையன். நான் என் வாழ்க்கை முழுக்க அதையே நெனைச்சுக்கிட்டிருந்தேன். வேகமா ஓடுறவன்னா, எங்கயாவது ஓடித் தப்பிச்சிருப்பான் இல்லையா?" என் கையை அவள் விடவே இல்லை. "அம்மாகிட்ட ப்ராகுக்குச் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு நீ அவங்களோட பேசணும். தம்பி பையன் குரலைக் கேக்காம அவங்க கண்ணை மூடக் கூடாது."

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டாரினா ரொட்டித் தட்டோடு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நானோ, ஊரில் ஒருவரை ஒருநாளும் அழவைத்திராத ஆள். அந்தப் பெருமையை வைத்துத்தான் இத்தனை வருடம் பிழைப்பு நடத்தினேன்.

"வீட்டுக்குப் போகலாங்க" என்றேன்.

தெருவில் நடந்தபோது ஊரே எங்களுக்காக வாசலுக்கு வந்திருந்தது. "என்ன ரோஸ்னர், விருந்தாளியா?" என்றார் பாதிரியார். "ரோஸ்னர் அண்ணே, மாலை உங்க முறைதான், மறந்துடாதீங்க!" என்றான் சாராயக் கூடத்துப் பையன். ஒவ்வொரு குரலுக்கும் எஸ்தேலாவின் விரல்கள் என் கையை இன்னும் அழுத்தின. "எவ்வளவு பிரியமா கூப்பிடறாங்க" என்றாள். செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் செத்தால் மரண அறிவிப்பிலும் ரோஸ்னர் என்றுதான் போடுவார்கள்.

வாசல் தபால்பெட்டியில் 'குபாண்டா' என்று எழுதியிருந்தது. இதோ, அதுவே சொல்லிவிடும் என்று நினைத்தேன். அவள் படித்தாள். தலையாட்டினாள்.

"பேரை மாத்திட்டாங்க. அந்தக் காலத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம்."

உள்ளே சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம். "ஞானஸ்நானமும் குடுத்துட்டாங்களா? பிள்ளையைக் காப்பாத்தணும்னா வேற என்ன பண்ணுவாங்க, பாவம்."

சமையலறை உத்தரத்தில் பன்றி சாசேஜ் மாலை மாலையாகத் தொங்கியது. அதையும் பார்த்தாள். நான் கடைசியாக அதைத்தான் நம்பியிருந்தேன்.

"சந்தேகம் வராம இருக்க, இதுவும் வேணும்தான்" என்றாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"எஸ்தேலா அம்மா, நான் ரோஸ்னர் இல்ல."

சிரித்தாள். "இனிமே பயப்பட என்ன இருக்கு?"

"பயம் இல்லைங்க. இந்த வீட்டுக்குத்தான் பேரு ரோஸ்னர். இங்க யார் குடியிருந்தாலும் அதுதான் பேரு. குடிகாரன் வீட்ல இருக்கறவன் குடிக்கறதில்ல. பாப்பரசர் வீட்ல இருக்கறவங்களுக்கு ஜெபமே தெரியாது. நானும் அந்த மாதிரி. எங்க தாத்தாவுக்கு இந்த வீடு கிடைச்சுது. உங்க ஆளுங்களைக் கொண்டுபோனாங்க இல்லையா, அப்புறம்."

முகம் மாற நேரமெடுத்தது. எனக்காக அவள் அடுக்கி வைத்திருந்த சமாதானங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்வது தெரிந்தது. தபால்பெட்டி, படம், சாசேஜ்.

"அப்போ ஆர்மின்?"

"தெரியாதுங்க."

"தெரியாதா, தெரிஞ்சுக்கலையா?"

"தெரிஞ்சுக்கலை."

"வீட்டோட சேத்து பேரையும் எடுத்துக்கிட்டீங்க" என்றாள்.

அதுவரை 'நீ' என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். அந்த 'நீங்க' ஒரு கதவைச் சாத்துவது போலக் கேட்டது. வாழ்நாளில் எனக்கு எத்தனையோ வசவு விழுந்திருக்கிறது. இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

அவளுடைய செல்போன் அடித்தது. அங்கே காலை. தினமும் மகளைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் அந்த அம்மா காப்பி குடிப்பாராம். எஸ்தேலா எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தாள். காது மந்தமானவர்கள் உலகமே மந்தம் என்று நினைத்துப் பேசுவார்கள் அல்லவா, அந்தச் சத்தம். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. முதலில் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். எஸ்தேலா எங்கள் பேச்சில் பதில் சொன்னாள்.

"அம்மா, நான் ப்ராகுல இல்ல. வர்பிங்கால இருக்கேன். வீட்ல."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"எந்த வீட்ல?" என்றது குரல், அதே பழைய பேச்சில்.

"நம்ம வீட்ல."

"அங்க இப்ப யாரு?"

"குபாண்டான்னு ஒருத்தர்."

"எந்தக் குபாண்டா?"

எழுபது வருடம் கடலுக்கு அப்பால் இருந்தவர். வர்பிங்காவில் பிறந்த ஒருத்தியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். எஸ்தேலா என்னைப் பார்த்தாள். ஊரில் அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதை அந்த அம்மாவிடம் சொல்ல முடியாது.

"சிரிலோட பேரன்னு சொல்லுங்க" என்றேன்.

சொன்னாள்.

"சிரிலா? ரோஸ்னராளு சிரிலா?"

ரோஸ்னராளு. ரோஸ்னரின் ஆள். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் எங்களுக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருந்திருக்க வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. இருந்திருக்கிறது. தாத்தா அதற்கு முன் குடியிருந்த ஓடைக்கரைக் குடிசையிலிருந்து பெரிய வீட்டுக்கு வந்தபோது நாங்கள் பெரிதாக எதையும் திருடவில்லை, பெயர் விஷயத்தில். ஏற்கெனவே இருந்த பெயரின் வாலில் தொங்கிய 'ஆளு'வை மட்டும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறோம்.

"அப்பாவோட வண்டியை அவன்தான் ஓட்டினான்" என்றது குரல். "என்னைப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறது அவன்தான். அந்த நாள் ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டதும் அவன்தான். அழுதான்டி. குதிரையை நான் பாத்துக்கறேன் ஐயான்னு சொல்லிச் சொல்லி அழுதான்."

"அம்மா, நான் ஆர்மின் மாமாவைத் தேடி வந்தேன். ஊர்ல ஒரு ரோஸ்னர் இருக்காருன்னு சொன்னாங்க."

"எனக்கும் அதையேதான் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? எப்போ?"

"யுத்தம் முடிஞ்சு நான் திரும்பி வந்தப்போ. ஸ்டேஷன்லேருந்து நடந்தே வந்தேன். தேவாலயத்துகிட்ட வர்றேன், யாரோ கத்தறாங்க: 'ரோஸ்னர், உன் குதிரை அவுத்துக்கிச்சு பாரு!' அப்பா வந்துட்டாருன்னு நெனைச்சேன். எனக்கு முன்னாடியே வந்துட்டாரு, குதிரையையும் வாங்கிட்டாருன்னு. எனக்கு அப்போ காலே கிடையாது, பட்டினில வத்தின ரெண்டு குச்சி. அதை வச்சுக்கிட்டு ஓடினேன். கேட்டைத் திறந்துக்கிட்டு சிரில் வந்தான். 'வந்துட்டேன், வந்துட்டேன்'னுக்கிட்டே. என்னைப் பாத்ததும் நின்னான். நல்லா அடையாளம் தெரிஞ்சுது அவனுக்கு. 'யாரு வேணும்?'னு கேட்டான்."

எஸ்தேலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்லி?"

"ஆர்மின் வேகமா ஓடுவான், வேகமா ஓடுவான்னு மட்டும் சொன்னீங்களே."

"ஓடுவான். அது நெஜம். ஆனா அவன் ஓடலடி. என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் ரயில்லேருந்து இறங்கினான். முகாம்ல பிரிச்சு வேற வரிசைல நிக்க வச்சாங்க. ஓடறதுக்கு அங்க இடமே இல்ல." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "உன்கிட்டயும் நெஜமா எதையாவது சொல்லணுமில்ல. அது ஒண்ணுதான் சொல்ற மாதிரி இருந்துச்சு."

எஸ்தேலா அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்தப் பையன் பக்கத்துல இருக்கானா?" என்றது குரல்.

எஸ்தேலா திரும்பாமலே போனை என் பக்கம் நீட்டினாள். பையன் எழுந்து நின்றேன். "இருக்கேங்க."

"என் பொண்ணு வந்தப்போ, யாரு வேணும்னு கேட்டியா?"

"இல்லைங்க."

"சாப்பாடு போட்டியா?"

"இன்னும் இல்ல."

"போடு. அடுப்பு எங்கதுதான்."

அடுப்பை எழுபத்தெட்டிலேயே மாற்றிவிட்டோம், இது கேஸ் அடுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாய் அப்படிப்பட்டது. நல்லவேளை, அதற்குள் போனை வைத்துவிட்டார்.

வீட்டில் தேடினேன். கொழுப்பு, சாசேஜ், வறுத்த தோல், பன்றிக் கொழுப்பில் வதக்கிய கோஸ். ஒரு யூதப் பெண்மணியை உபசரிக்க என் சமையலறையில் உருளைக்கிழங்கையும் உப்பையும் தவிர எதுவும் இல்லை. அவித்துத் தட்டில் வைத்தேன். எஸ்தேலா உட்காரவில்லை. நின்றபடியே ஒரு கிழங்கை எடுத்து, உப்பில் தொட்டு, முழுசாகத் தின்று முடித்தாள்.

"அம்மா கேப்பாங்க" என்றாள். "அவங்ககிட்ட இன்னொரு பொய் சொல்ல முடியாது."

டாக்சி வந்தது. கேட் வரைக்கும் போனேன்.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் ஒரு ஆளைத் தேடி வந்தேன். வீட்டைத் தேடி வரல."

அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் இரண்டு ஜோக்கில் ஆற்றியிருப்பேன்.

மாலை சாராயக் கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். சொத்து எவ்வளவு என்று இம்ரோ ஆரம்பித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டேஷன், குதிரை, கேட், 'யாரு வேணும்'. சாராயக் கூடத்துப் பையன் கொதிகலனுக்கடியில் இன்னொரு விறகைத் தள்ளினான்.

"இனிமே என்னை ரோஸ்னர்னு கூப்பிடாதீங்க. எங்க பேரு ரோஸ்னராளு. அப்படியே கூப்பிடுங்க."

இம்ரோதான் முதலில் சிரித்தான். "ரோஸ்னராளா? இதை எங்கேருந்துடா புடிச்ச?" பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, நிம்மதிச் சிரிப்பு. வாழ்நாள் முழுக்க ஜோக் சொன்னவன் ஒருநாள் நிஜத்தைச் சொன்னால் அதுவும் ஜோக் கணக்கில்தான் சேரும். நான் சம்பாதித்து வைத்தது அவ்வளவுதான். டாரினாவிடம் தனியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அழுதாள். மறுநாள் ஒலிபெருக்கியில் பழைய பாட்டரிகள் சேகரிப்பு பற்றிய அறிவிப்புக்குப் பிறகு, தேவாலயத்துக்கு எதிர் வீட்டின் சரியான பெயரை நிறுத்தி, தெளிவாக வாசித்தாள்.

சில நாள் ஊர் உற்சாகமாகக் கூப்பிட்டது. "ரோஸ்னராளு, ரொட்டி வாங்கியாச்சா?" "ரோஸ்னராளு, பஸ் வந்துடுச்சா?" ஆனால் நீளமான பெயர். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொல்ல வராது. குளிரில் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தவும் வராது. முதல் பனி விழுந்தபோது பாதிப் பேர் வாயிலிருந்து 'ஆளு' உதிர்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் மீன் வண்டி வந்ததை ஒலிபெருக்கியில் அறிவித்தபோது டாரினாவும் ஒருமுறை வாய் தவறி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கடித்துக்கொள்வதும் நின்றது. முதல் தடவை அது உதிர்ந்தபோது என் தாத்தா என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை நான் திருத்தினேன். ஒவ்வொருவரையும், ஒரு வாரம். பிறகு பாதிப் பேரை. பிறகு இம்ரோவை மட்டும்.

நேற்று அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினான். "ரோஸ்னர்! டேய் ரோஸ்னர்! உன் கோழியெல்லாம் என் பக்கம் வந்துடுச்சு!"

"வந்துட்டேன்" என்றேன்.